ட்ரை ஷாம்பூ: தலைக்குக் குளிக்க முடியாத நாளில் எப்படிப் பயன்படுத்துவது... எத்தனை நாள் தாங்கும்?

புதன்கிழமை காலை. ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்ததோடு சரி. முன்நெற்றி முடி ஒட்டிக்கொண்டு நிற்கிறது, வகிட்டின் இரண்டு பக்கமும் பிசுக்கு. ஒன்பது மணிக்கு மீட்டிங். இப்போது தலையை நனைத்தால், இடுப்பு வரையுள்ள முடி காய ஒரு மணி நேரமாவது ஆகும். ஈரத்தோடு பின்னிப் போட்டால் மாலைக்குள் தலைபாரம், முடியில் ஒருவித வாடை.

இப்படியான காலை நேரத்துக்காகவே ட்ரை ஷாம்பூ பலரின் டிரெஸ்ஸிங் டேபிளுக்கு வந்திருக்கிறது. தண்ணீர் வேண்டாம், காயவைக்க வேண்டாம், ஐந்து நிமிடத்தில் முடி புசுபுசுவென்று ஆகிவிடும். காலேஜ் ஹாஸ்டல், ஐ.டி கம்பெனி, நைட் ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸ்கள் என்று பயன்படுத்துபவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். 'பவுடரைத் தலையில கொட்டிக்கிட்டு போறதுக்குப் பேரு ஷாம்பூவா?' என்று வீட்டில் அம்மாக்கள் கேட்பதும் நடக்கிறது.

அம்மாக்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ட்ரை ஷாம்பூ தலையைச் சுத்தம் செய்வதில்லை. தலைக்குக் குளிப்பதை ஒரு நாள் தள்ளிப்போட உதவுகிறது, அவ்வளவுதான். இந்த வித்தியாசம் புரிந்தால் இது நல்ல பொருள். புரியாமல் வாரம் முழுக்க அடித்துக்கொண்டே இருந்தால் பொடுகு, அரிப்பு, முடி உதிர்வு என்று பிரச்னைகள் வரிசை கட்டும்.

பிசுக்கு எங்கே போகிறது?

தலைச்சருமத்தில் முடியின் வேர்க்கால்களை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. இவை சுரக்கும் எண்ணெய்க்கு 'சீபம்' என்று பெயர். முடி வறண்டு போகாமல் காப்பது இதுதான். இரண்டு மூன்று நாள்களில் இது வேர்ப்பகுதியில் சேர்ந்து, வியர்வை, தூசியோடு கலந்து முடிகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. பிசுக்கு என்று நாம் சொல்வது இதைத்தான்.

சாதாரண ஷாம்பூ இந்த எண்ணெயையும் அழுக்கையும் தண்ணீரோடு சேர்த்துக் கழுவி வெளியேற்றிவிடும். ட்ரை ஷாம்பூவில் இருப்பது பெரும்பாலும் ஸ்டார்ச். அரிசி, சோளம், மரவள்ளி போன்றவற்றிலிருந்து எடுக்கும் மிக நைசான மாவு. சிந்திய எண்ணெய் மேல் கோலமாவு தூவினால் எப்படி உறிஞ்சுமோ, அப்படி இது சீபத்தை உறிஞ்சிக்கொள்கிறது. முடிகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதால் அடர்த்தியாகவும் தெரியும். ஆனால், உறிஞ்சிய மாவில் ஒரு பகுதி சீவும்போது உதிரும், மீதி தலையிலேயே தங்கும். வியர்வை உப்பும், உதிர்ந்த தோல் செல்களும், தூசியும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்த யோசனை புதிதில்லை. 18-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் விக்குகளுக்கும் முடிக்கும் ஸ்டார்ச் பவுடர் தூவுவது பெரிய ஃபேஷன். பிரிட்டனில் 1795-ல் தலைக்குப் பவுடர் போடுபவர்கள் ஆண்டுக்கு ஒரு கினி வரி கட்ட வேண்டும் என்று சட்டமே வந்தது. 1940-களில் அமெரிக்காவில் 'மினிபூ' என்ற பெயரில் ட்ரை ஷாம்பூ பவுடர், தேய்ப்பதற்கான கையுறையோடு விற்பனைக்கு வந்தது. ஸ்பிரே கேன்கள் பரவலானது அதற்குப் பிறகுதான்.

நம் ஊர் தலைக்கு ஒத்துவருமா?

ட்ரை ஷாம்பூ டப்பாவில் இருக்கும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டுத் தலையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊரில் மூன்று விஷயங்களைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, தேங்காய் எண்ணெய். தினமும் எண்ணெய் வைத்துப் பின்னும் தலைக்கு ட்ரை ஷாம்பூ வேலை செய்யாது. சுரப்பி விடும் எண்ணெய் கொஞ்சம்தான். நாம் உள்ளங்கையில் ஊற்றித் தேய்ப்பது அதைவிடப் பல மடங்கு. அதன்மேல் மாவு தூவினால் பஜ்ஜி மாவு போலத் திரண்டு, சீப்பில் வெள்ளைப் பிசினாக வரும். எண்ணெய் வைத்த தலையை அலசித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது, வியர்வை. ஸ்டார்ச் எண்ணெயை உறிஞ்சும்போது பவுடராகவே இருக்கும். ஈரத்தை உறிஞ்சினால் பசையாகிவிடும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில், வியர்த்த தலையோடு அப்படியே அடித்தால் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும். முதலில் ஃபேனுக்குக் கீழே ஐந்து நிமிடம் நின்று, காட்டன் துண்டால் வேர்ப்பகுதியை ஒற்றி எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, ஹெல்மெட். ட்ரை ஷாம்பூ போட்டுவிட்டு உடனே ஹெல்மெட் மாட்டி அரை மணி நேரம் டிராஃபிக்கில் நின்றால், போட்டது முழுக்க உள்ளேயே பசையாகிவிடும். டூவீலரில் போகிறவர்கள் தலையில் காட்டன் ஸ்கார்ஃப் கட்டி ஹெல்மெட் போட்டுக்கொண்டு போய், ஆபீஸ் சேர்ந்து, வியர்வை அடங்கிய பிறகு பயன்படுத்துவதே நல்லது.

பயன்படுத்தும் முறை: படிப்படியாக

1. முடி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். பெரிய பல் சீப்பால் முதலில் சிக்கு எடுத்துவிடுங்கள். பவுடர் போட்ட பிறகு சிக்கு எடுத்தால் முடி அறுந்துவரும்.

2. ஸ்பிரே என்றால் கேனை நன்றாகக் குலுக்குங்கள். ஸ்டார்ச் அடியில் தங்கியிருக்கும். குலுக்காமல் அடித்தால் ஒரு நாள் வெறும் வாயுவும், இன்னொரு நாள் வெள்ளைச் சுண்ணாம்பும்தான் வரும்.

3. முடியை நாலைந்து பாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உச்சி, முன்நெற்றி, காதுக்கு மேலே, பின்கழுத்து ஆகிய இடங்களில்தான் பிசுக்கு அதிகம் சேரும். நுனிமுடிக்கு இது தேவையே இல்லை. நுனி ஏற்கெனவே வறண்டுதான் இருக்கும்.

4. கேனை முடியிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். ஒரு சாண் தூரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரே இடத்தில் நீட்டி அடிக்காமல், வேர்ப்பகுதியில் ஓரிரு நொடி மட்டும் அடித்து நகர்ந்துகொண்டே போங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், மூச்சை இழுக்காதீர்கள்.

5. பலர் தவறவிடும் கட்டம் இது. அடித்தவுடன் தேய்க்கக் கூடாது. இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். ஸ்டார்ச் எண்ணெயை இழுக்க அவகாசம் வேண்டும். அந்த நேரத்தில் பொட்டு வைக்கலாம், டிபன் பாக்ஸ் மூடலாம்.

6. பிறகு விரல்நுனியால் வேர்ப்பகுதியை மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். நகம் படக் கூடாது.

7. தலையைக் குனிந்து, நல்ல பிரஷ்ஷால் பவுடரை உதிரவிட்டுச் சீவுங்கள். நம் கறுப்பு முடியில் வெள்ளை படிந்தால் நரைபோலத் தெரியும். வகிட்டைக் கண்ணாடியில் பார்த்து, மிச்சம் இருந்தால் காய்ந்த துணியால் துடையுங்கள். வகிட்டில் குங்குமம் வைப்பவர்கள் இதெல்லாம் முடிந்த பிறகு வையுங்கள். இல்லையென்றால் குங்குமம் கலந்து நெற்றியெல்லாம் சிவக்கும்.

காலையில் நேரமே இல்லை என்பவர்கள் முதல் நாள் இரவே, பிசுக்கு லேசாகத் தெரியும்போதே, கொஞ்சமாகப் போட்டுவிட்டுப் படுக்கலாம். காலையில் சீவி உதிர்த்தால் போதும். சுருட்டை முடி, ஸ்ட்ரெயிட்டனிங் செய்த முடி, கலரிங் செய்த முடி இயல்பிலேயே வறட்சியானவை என்பதால் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுப்பு, விளக்கு, சாம்பிராணி... ஜாக்கிரதை!

பெரும்பாலான ஸ்பிரே கேன்களில் ஸ்டார்ச்சை வெளியே தள்ளுவதற்கு பியூட்டேன், ஐசோபியூட்டேன், புரோப்பேன் ஆகிய வாயுக்களைப் பயன்படுத்துகிறார்கள். நம் வீட்டு காஸ் சிலிண்டரில் இருக்கும் எல்.பி.ஜி-யும் பெரும்பாலும் புரோப்பேன், பியூட்டேன் கலவைதான். பல கேன்களில் ஆல்கஹாலும் இருக்கும். ஆக, தலைக்கு அடிப்பது எளிதில் தீப்பற்றும் பொருள்.

ட்ரை ஷாம்பூ அடித்த கையோடு சமையலறைக்குப் போய் அடுப்பு பற்றவைக்காதீர்கள். பூஜையறையில் விளக்கோ, ஊதுபத்தியோ, சாம்பிராணியோ எரியும்போது பக்கத்தில் நின்று அடிக்கவே கூடாது. ஜன்னலைத் திறந்துவைத்து, அடித்து முடித்துச் சில நிமிடங்கள் காற்றாட விட்டுவிட்டு மற்ற வேலைகளுக்குப் போங்கள். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அடிப்பதும் வேண்டாம். அந்தப் புகைமூட்டத்தை நீங்கள்தான் சுவாசிப்பீர்கள். ஆஸ்துமா, வீஸிங் உள்ளவர்களும், கைக்குழந்தை இருக்கும் அறையும் ஸ்பிரேயைத் தவிர்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம். இந்த கேன்களை 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும் இடத்தில் வைக்கக் கூடாது என்று லேபிளிலேயே போட்டிருக்கும். மே மாத வெயிலில் நிறுத்திவைத்த காரின் டாஷ்போர்டு அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டும். ஸ்கூட்டி சீட்டுக்கு அடியிலும் சூடு ஏறும். ஹேண்ட்பேக்கில் வைத்து, பேக்கைக் கையோடு எடுத்துப்போவது பாதுகாப்பு.

பென்சீன் சர்ச்சை: பயப்பட வேண்டுமா?

2022 அக்டோபரில் யூனிலீவர் நிறுவனம் அமெரிக்காவில் டவ், ட்ரெஸமே உள்ளிட்ட பிராண்டுகளின் சில ட்ரை ஷாம்பூ ஸ்பிரேக்களைத் தானாக முன்வந்து திரும்பப் பெற்றது. காரணம், அவற்றில் பென்சீன் கலந்திருக்கும் வாய்ப்பு. பென்சீன் ரத்தப் புற்றுநோயோடு தொடர்புடைய ரசாயனம். அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனமும் இதே காரணத்துக்காகச் சில ஸ்பிரேக்களைத் திரும்பப் பெற்றிருந்தது. திரும்பப் பெறப்பட்ட யூனிலீவர் தயாரிப்புகள் இந்தியாவில் விற்கப்படுபவை அல்ல என்பதும் அப்போதே தெளிவுபடுத்தப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, பென்சீன் என்பது யாரும் சேர்த்த பொருள் இல்லை. கேனிலிருந்து தள்ளும் வாயுவில் மாசாக வந்தது. வாயுவும் பென்சீனும் கச்சா எண்ணெய் வழியாக வருபவை என்பதால் இப்படி நடக்க வாய்ப்புண்டு. கண்டறியப்பட்ட அளவில் தினமும் பயன்படுத்தினாலும் உடல்நலக் கேடு எதிர்பார்க்கப்படவில்லை என்று யூனிலீவர் அறிவிப்பிலேயே சொல்லப்பட்டிருந்தது. அதனால் பீதி தேவையில்லை. இருந்தாலும், வாயுவே இல்லாத பவுடர் வகையைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கவலையும் இல்லை, தீப்பற்றும் அபாயமும் குறைவு. வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் வாங்கி வந்த பழைய கேன் அலமாரியில் கிடந்தால், தயாரிப்புத் தேதியைப் பார்த்துவிடுங்கள். 2021 அக்டோபருக்கு முன் தயாரான ஸ்பிரேக்கள்தான் யூனிலீவர் அறிவிப்பில் இருந்தன.

வீட்டிலேயே செய்யலாமா?

தாராளமாக. ஆரோரூட் மாவு, அதாவது கூவைக்கிழங்கு மாவு இரண்டு டேபிள்ஸ்பூன். இது இல்லையென்றால் கார்ன்ஃப்ளார். நம் முடி நிறத்துக்குப் பொருந்த, சர்க்கரை சேர்க்காத கோகோ பவுடர் ஒரு டேபிள்ஸ்பூன். இரண்டையும் மெல்லிய துணியில் சலித்து, ஈரமில்லாத டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். பழைய மேக்கப் பிரஷ்ஷால் தொட்டு, வேர்ப்பகுதியில் ஒற்றி, இரண்டு நிமிடம் கழித்துச் சீவிவிடுங்கள். அதிகமாகச் செய்து வைக்க வேண்டாம், ஈரக் காற்றில் கட்டி தட்டிப் பூஞ்சை பிடிக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். கோகோ கலந்ததைப் போட்ட அன்று வெள்ளை டிரெஸ் வேண்டாம், வியர்த்தால் காலரில் பழுப்புக் கறை படியும். வீட்டில் அரைத்த அரிசி மாவும் கடலை மாவும் வேண்டாம், அவை கொரகொரப்பாக இருப்பதால் தலையில் திப்பியாகத் தங்கும்.

டால்கம் பவுடர் போடலாமே என்று கேட்கலாம். அவசரத்துக்குப் பவுடரைத் தட்டிச் சீவுவது நம் வீடுகளில் பழைய பழக்கம்தான். ஆனால், உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024 ஜூலையில் டால்க்கை, மனிதர்களுக்குப் புற்றுநோய் ஏற்படுத்தும் வாய்ப்பு அதிகம் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனமும் 2023-ல் டால்க் கலந்த பேபி பவுடரை உலக அளவில் நிறுத்திவிட்டு, சோள ஸ்டார்ச்சுக்கு மாறியது. மூக்குக்கு அருகில் தூவும் பொருளுக்கு, ஸ்டார்ச் கையில் இருக்கும்போது டால்க் எதற்கு? கடையில் வாங்கும் ட்ரை ஷாம்பூவிலும் லேபிளில் டால்க் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

உண்மையிலேயே தேவைப்படுபவர்கள்

ஃபேஷனைத் தாண்டி, ட்ரை ஷாம்பூ பெரிய ஆறுதலாக இருக்கும் சில நேரங்கள் உண்டு. காய்ச்சலில் படுத்து எழுந்தவர்கள், கையில் மாவுக்கட்டு போட்டிருப்பவர்கள், அறுவை சிகிச்சைக்குப் பிறகு தலை நனைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்கள், பிரசவம் முடிந்து குழந்தையை விட்டு நகர முடியாத இளம் தாய்மார்கள். இவர்களைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். தலை பிசுபிசுவென்று, வாடையோடு இருப்பது அவர்களுக்கு உள்ளூர எவ்வளவு கூச்சம் என்பது பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிவதே இல்லை. யாராவது ஒருவர் உட்கார்ந்து, கொஞ்சம் பவுடர் வகை ட்ரை ஷாம்பூவை ஒற்றி, மெதுவாகச் சீவிப் பின்னிவிட்டால் முகமே தெளிந்துவிடும்.

தோளில் ஒரு துண்டு விரித்து, நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். படுக்கைக்கு அருகில் ஸ்பிரே வேண்டாம், ஆக்சிஜன் வைத்திருக்கும் இடத்தில் அறவே கூடாது. தலையில் தையலோ புண்ணோ இருந்தாலும், புற்றுநோய் சிகிச்சையில் இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் போடாதீர்கள்.

நீண்ட நாள் படுக்கையில் இருப்பவர்களுக்கு ட்ரை ஷாம்பூ போதாது. அலசத் தேவையில்லாத திரவ ஷாம்பூ என்று தனியாக ஒன்று இருக்கிறது. தலையில் தேய்த்து, ஈரத் துண்டால் துடைத்து எடுத்துவிடலாம். அழுக்கும் துண்டோடு வந்துவிடும். விண்வெளி வீராங்கனை கேரன் நைபெர்க் 2013-ல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் தன் நீளமான முடியைக் கழுவும் வீடியோவில் பயன்படுத்தியது அந்த வகைதான். அதே ஷாம்பூ தடவிய கேப் போன்ற உறைகளும் கிடைக்கின்றன.

எத்தனை நாள் தாங்கும்?

தொடர்ந்து இரண்டு நாளைக்கு மேல் வேண்டாம் என்பதே பொதுவாகத் தோல் மருத்துவர்கள் சொல்வது. நம் புழுக்கத்துக்கு, இரண்டு தலைக்குளியலுக்கு நடுவே ஒரே ஒரு நாள் என்று வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. ஞாயிறு குளித்தால், புதன் ட்ரை ஷாம்பூ, வியாழன் காலை அல்லது மாலை தலைக்குக் குளியல். அவ்வளவுதான் கணக்கு.

மேலே மேலே போட்டால் என்ன ஆகும்? பவுடரும் எண்ணெயும் தோல் செல்களும் அடுக்காகப் படிந்து, வேர்க்கால் வாயை அடைக்கும். முன்நெற்றி ஓரத்தில் பருக்கள் வரும். பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சைக்குத் தலையில் தேங்கும் எண்ணெய்தான் உணவு. அது கழுவப்படாமல் இருந்தால் பொடுகு கூடும். அதோடு, பொடுகு எது, பவுடர் எது என்று தெரியாமல் நாமும் ஏமாந்துபோவோம். ஏற்கெனவே பொடுகு, சொரியாசிஸ், பேன் தொல்லை உள்ளவர்களுக்கு ட்ரை ஷாம்பூ வேண்டவே வேண்டாம்.

தலையில் விடாத அரிப்பு, தொட்டால் வலி, செதில் செதிலாக உதிர்வது, சீப்பில் வழக்கத்தைவிட அதிக முடி... இவற்றில் எது தெரிந்தாலும் நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். குளித்த மறுநாளே தலை பிசுபிசுக்கிறது, அதனால் தினமும் ட்ரை ஷாம்பூ தேவைப்படுகிறது என்றால், சிலருக்கு அது உடல் தரும் தகவலாகவும் இருக்கலாம். கூடவே முகப்பரு, தாடையில் முடி வளர்வது, மாதவிடாய் தள்ளித் தள்ளி வருவது என்றிருந்தால் பி.சி.ஓ.எஸ் காரணமாக இருக்கக்கூடும். ஹார்மோன் மாற்றம் எண்ணெய்ச் சுரப்பை அதிகரிக்கும். அதை ஸ்பிரே அடித்து மறைத்துக்கொண்டு போனால், பார்க்க வேண்டிய மருத்துவரைப் பார்க்கும் நாள்தான் தள்ளிப்போகும்.

குளிக்கும் நாளில் செய்ய வேண்டியவை

ட்ரை ஷாம்பூ போட்ட தலையில் அப்படியே எண்ணெய் வைக்காதீர்கள். பவுடரோடு சேர்ந்து பிசினாகிவிடும். முதலில் நன்றாகச் சீவி உதிர்த்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நிமிடமாவது வேர்வரை நனையவிடுங்கள். ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து, விரல்நுனியால் தலைச்சருமத்தில் தேய்த்து அலசுங்கள். நுரை சரியாக வரவில்லையென்றால் பவுடர் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம், இன்னொரு முறை போடுங்கள். கண்டிஷனர் நுனிமுடிக்கு மட்டும். எண்ணெய்க் குளியல் எடுப்பவர்கள், பவுடர் போடாத வாரமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சீப்பையும் பிரஷ்ஷையும் அன்றே ஷாம்பூ தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். தலையணை உறையையும் மாற்றிவிடுங்கள். புதன்கிழமை உதிர்ந்த பவுடரும் பிசுக்கும் அவற்றில் ஒட்டியிருக்கும். அலசிய தலையில் மறுபடியும் அதையே பூசிக்கொள்வானேன்?